இடவலம்

கட்டிலடிப் பெட்டியை இழுத்தேன்.
மேலே ஊதாப்பூ போட்ட தலைத்துணி இரண்டு,
அதற்கடியில் மருந்துச் சீட்டுகள்,
அதற்கும் அடியில்
மை காய்ந்த உருளையும் ஐந்து உளிகளும்.
எனக்கு ஞாபகம் நான்கு என்று.

வாதி கபீரில் தரைவிரிப்புக் கடையில்
செல்வின் கணக்கு எழுதுகிறார்.
வெட்டி மிஞ்சிய லினோலியத் துண்டு
மாதம் ஒன்று வீட்டுக்கு வரும், முன்பெல்லாம்.
கடைசித் துண்டு இரண்டு கோடைக்கு முந்தியது.
அதன் முதுகில் பென்சிலால் ஒரு தேதி,
ஸ்கேன் எடுக்கப் போன தேதி.
படம் எதுவும் இல்லை.

ஏசி குளிரில் லினோ இறுகிவிடும்.
ரூவியில் ஜூலை மாதம்
பால்கனியில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும்,
வெண்ணெயாய் இளகும்.
இந்த ஊர் வெயிலுக்கு
நான் சொல்லக்கூடிய ஒரே நன்றி.

வலக்கை நீர்கோத்த கை.
இறுக்கமாய் உறை மாட்டிய கை.
அதில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது,
ஊசி குத்தக்கூடாது, பை தூக்கக்கூடாது.
உளி பிடிக்கலாமா என்று கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.
விரல்நுனி பத்தும் இன்னும்
யாரோ இரவல் கொடுத்தவை.
தோசைக்கல் சுட்டாலும் தெரியாது.
ஐம்பது பைசா எது, இருபத்தைந்து எது,
பார்த்துத்தான் எண்ணுவேன்.

எதிர்க் கட்டட மொட்டைமாடியில்
பதினேழு டிஷ் ஆன்டெனா,
ஒரே பக்கம் முகம் தூக்கி.
கீழே சலவைக்கடைப் பலகை, அரபியில்.
என் தலையணையிலிருந்து
இரண்டு வருடம் தெரிந்த மொத்த ஓமானும் இதுதான்.
கோட்டை, படகு, சாம்பிராணி மரமெல்லாம்
நன்றாக இருந்தபோதே செதுக்கியாயிற்று.

முதல் கீறல் கோணியது.
இரண்டாவது வழுக்கி
இடது பெருவிரலில் போய் நின்றது.
வலிக்கவில்லை. கண்தான் சொன்னது.
இடக்கைதானே,
ஊசிக்கு அனுமதி உள்ள கை என்று
நானே கட்டுப்போட்டுக்கொண்டேன்.

வெட்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக வரும்,
விட்டுவைத்தது கறுப்பாக.
இதை வைத்து எனக்கு ஆறுதல் சொல்ல
ஜெபக்கூட்டத்திலிருந்து ஒருவராவது வருவார்.
வேண்டாம் சகோதரி.
இது தரைவிரிப்பு. அது நான்.

நாளுக்கு ஒரு ஆன்டெனா. சில நாள் அரை.
விசா புதுப்பிக்க மார்பு எக்ஸ்ரே எடுத்த அன்றும் மறுநாளும்
ஒன்றுமில்லை.
முடிவு வந்த மாலை மூன்று.

இருபத்துமூன்றாம் நாள் மை தடவினேன்.
தாளைப் போர்த்தி
சாம்பார்க் கரண்டியின் முதுகால் தேய்த்தேன்,
கை மாற்றி மாற்றி அரைமணி நேரம்.
உரித்தேன்.

எதுவோ சரியில்லை.
செல்வின்தான் பால்கனிக்கும் மேசைக்குமாய்
இரண்டுமுறை நடந்துவிட்டுச் சொன்னார்:
“எல்லாம் திரும்பி நிக்குதே.”

இடவலம் மாற்றிச் செதுக்க மறந்திருக்கிறேன்.
பதினொரு வருடமாய்க் கை அறிந்த
முதல் பாடம்.
மருந்து மூளையிலிருந்து
எதையெல்லாம் எடுத்துப்போனது என்று
நான் எழுதிவைத்த பட்டியலில்
இது இல்லை.

அவர் தாளை விளக்குக்கு நேரே தூக்கி,
“இதுல எந்த சேனல் வரும்?” என்றார்.
சிரிப்பு வந்துவிட்டது.
தழும்பு இழுத்துப் பிடித்தது.
பிடிக்கட்டும் என்று இன்னும் சிரித்தேன்.

கீழ்வீட்டு ஷம்ஸா, சாவி கொடுக்க வந்தவள்,
சலவைக்கடைப் பெயரை
இடமிருந்து வலமாக விரலால் தடவி
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
“உங்கள் எழுத்து மாதிரி ஓடுகிறதே,
எனக்குக் கொடு.”
இதைத் தர மாட்டேன்,
அடுத்ததைத் தருகிறேன் என்று
வாய் சொல்லிவிட்டது.

செல்வினிடம் துண்டு கேட்டிருக்கிறேன்.
கடையில் இப்போது லினோ வருவதில்லையாம்,
எல்லாம் பிளாஸ்டிக்.
குடோனில் பார்க்கிறேன் என்கிறார்.

கரண்டியை மூன்றுமுறை விளக்கியாயிற்று.
இன்றைய சாம்பாரில்
கொஞ்சம் கறுப்பு.